ஐந்து டிகிரி: ஒரு முதுகுவலி வழக்கின் கணக்கு

இடுப்பை வளைத்து 32 டிகிரிவரை முன்னே குனிய முடிகிற முன்னாள் படைவீரருக்கு அமெரிக்க அரசு, படைப்பணியால் வந்த முதுகுக் கோளாறுக்கு 40 சதவீத இயலாமை என்று மதிப்பிடும்; மாத இழப்பீடு இந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. 33 டிகிரி குனிந்துவிட்டால் 20 சதவீதம்தான். அளவை அருகிலுள்ள ஐந்தின் மடங்குக்கு மாற்றி எழுத வேண்டும் என்பது விதி. அதனால் 32 என்பது 30 ஆகிறது. 33 என்பது 35 ஆகிறது. எல்லைக்கோடு 30-இல் கிடக்கிறது. கீழே வரும் வழக்கு கடைசியில் இந்தக் கோட்டில்தான் வந்து முட்டுகிறது. அதற்கு முன்பு அது வேறு சில இடங்களில் இடறி விழுந்து எழுந்தது. அந்த இடறல்களும் இதே அளவு முக்கியமானவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் மனிதர் தனி ஒருவர் அல்லர். படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் பெயர்களை நீக்கி வெளியிடும் தீர்ப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படும் வகையைச் சேர்ந்த ஒருவரை நானே கட்டி நிறுத்தியிருக்கிறேன். அவருடைய வாழ்க்கை கற்பனை. விதிகளும் சதவீதங்களும் டாலர் தொகைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்மை. ராணுவத்தில் லாரி ஓட்டியவர் என்பதால் அவரை ஓட்டுநர் என்றே அழைக்கலாம்.

ஓட்டுநர் 2003-இல் தரைப்படையில் சேர்ந்தார். ஈராக்குக்கு இரண்டு முறை போனார். 2007-இல் போனது இரண்டாம் முறை. அந்த ஆண்டு தரைப்படை தன் பணிக்காலத்தை 15 மாதமாக நீட்டியிருந்ததால் அவ்வளவு காலமும் அங்கேயே. கவச உடை, தலைக்கவசம், தோட்டா, தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பில் மாட்டிக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் நாள் முழுக்க ஓட்டும் வேலை. முதல் முறை போயிருந்தபோது, 2005-இல், லாரியின் பின்தட்டிலிருந்து சுமையோடு குதித்ததில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. முகாம் மருத்துவக் கூடத்தில் ‘இடுப்புத் தசைப்பிடிப்பு’ என்று ஒரு வரி எழுதி, 800 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் மாத்திரையைக் கையில் கொடுத்து, சில நாட்களுக்கு இலகுவான வேலை என்று சீட்டும் கொடுத்து அனுப்பினார்கள். இந்த மாத்திரைக்கு அமெரிக்கப் படையினர் வைத்திருக்கும் கேலிப்பெயர் ‘வைட்டமின் எம்’. மோட்ரின் என்ற வணிகப் பெயரின் முதலெழுத்து அது. கணுக்காலுக்கும் அதுதான், முதுகுக்கும் அதுதான்.

அந்த ஒற்றை வரிதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது. இழப்பீடு பெற மூன்று விஷயங்கள் நிலைநாட்டப்பட வேண்டும்: இப்போது ஒரு குறைபாடு இருக்க வேண்டும், பணிக்காலத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் காரணம் வேண்டும். இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மருத்துவக் கூடத்துக்கு அடிக்கடி போகிறவனைச் சோம்பேறி என்று பேசும் படைப்பிரிவுகளில் வலியைச் சொல்லாமல் இருப்பதே நல்ல பெயர் எடுக்கும் வழி. அப்படி இருந்தவர்களுக்கு ஆவணம் இருக்காது. ஆவணம் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீரரின் வாக்குமூலத்தைத் தள்ளக் கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒரு வரி இருப்பவரின் பாதையும் இல்லாதவரின் பாதையும் ஒன்றல்ல. எந்த நோய் என்று பெயர் சொல்ல முடியாத வெறும் வலியே போதுமா என்ற கேள்விக்கும் பல ஆண்டுகள் ‘போதாது’ என்பதே பதிலாக இருந்தது. 2018-இல் சாண்டர்ஸ் வழக்கு அதை மாற்றியது. முழங்கால் வலியோடு வந்த தரைப்படைப் பெண்மணி ஒருவரின் வழக்கு அது. வலி உடலின் செயல்பாட்டைக் குறைக்குமானால் அந்த வலியே இயலாமைதான் என்று நீதிமன்றம் ஏற்றது.

2011-இல் ஓட்டுநர் படையிலிருந்து வெளியே வந்தார். மறு ஆண்டு முன்னாள் படைவீரர் நலத்துறையில், எல்லோரும் வி.ஏ. என்று சொல்லும் அந்தத் துறையில், முதுகுக்கு விண்ணப்பித்தார். பரிசோதனையில் 80 டிகிரி குனிந்தார். 10 சதவீதம் கிடைத்தது. வலது பாதத்தின் வெளிப்பக்கம் அவ்வப்போது மரத்துப்போவதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கோணமும் பெயரடையும்

முதுகுத்தண்டை மதிப்பிடும் இப்போதைய சூத்திரம் 2003 செப்டம்பர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு இடுப்பு அசைவுக் குறைவுக்கு ‘லேசானது, மிதமானது, கடுமையானது’ என்ற மூன்று சொற்களே அளவுகோல். முறையே 10, 20, 40 சதவீதம். ஒரு அதிகாரிக்கு மிதமாகப் படுவது இன்னொருவருக்குக் கடுமையாகப் படும். அந்தத் தெளிவின்மையைப் போக்க டிகிரிக் கணக்கு வந்தது. நடுமுதுகும் இடுப்பும் சேர்ந்த பகுதிக்கு 90 டிகிரி முன்குனிவு இயல்பு. 60-க்கு மேல் 85-க்குள் நின்றால் 10 சதவீதம். 30-க்கு மேல் 60-க்குள் என்றால் 20. 30 அல்லது அதற்கும் கீழே என்றால் 40. அதற்கு மேலே ஏற வேண்டுமானால் முதுகு அசையாமல் இறுகிப்போயிருக்க வேண்டும்: நடுமுதுகும் இடுப்பும் கோணலான நிலையில் இறுகினால் 50, தண்டு முழுவதும் அப்படி இறுகினால் 100. வேறு சொற்களில் சொன்னால், கொஞ்சமாவது அசைகிற முதுகுக்கு இந்தச் சூத்திரத்தில் 40-க்கு மேல் இடமில்லை. வலி? வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது காலுக்கு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இதே எண்கள்தான் என்று சூத்திரத்தின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது.

டிஸ்க் கோளாறுக்கு மட்டும் இன்னொரு கதவு உண்டு. கடந்த 12 மாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களைக் கூட்டி, மொத்தம் ஆறு வாரத்துக்குக் குறையாமல் இருந்தால் 60 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படுக்கை ஓய்வை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முதுகுவலிக்காரரைப் படுக்கப் போடாதீர்கள், முடிந்தவரை நடமாட விடுங்கள் என்பதே இன்றைய மருத்துவத்தின் அறிவுரை. எந்த மருத்துவரும் எழுதாத ஒரு சீட்டைக் கேட்கிறது விதி. நான் படித்த தீர்ப்புகளில் இந்தக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. உள்ளே போனவர்கள் அரிது.

நரம்புக்கு வந்தால் பழைய உலகம் அப்படியே இருக்கிறது. இடுப்பில் பிதுங்கிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்தி, வலியும் மரத்துப்போதலும் காலில் இறங்கினால் அதை, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் பகுதிச் செயலிழப்பாகக் கொண்டு, முதுகிலிருந்து பிரித்துத் தனியே மதிப்பிட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே. லேசானது 10, மிதமானது 20, மிதத்துக்கும் சற்றுக் கடுமையானது 40, தசை நன்றாகச் சூம்பிய கடும் நிலை 60. பாதம் தொங்கி, முழங்காலுக்குக் கீழே எந்தத் தசையும் அசையாத முழுச் செயலிழப்புக்கு 80. இந்தப் பெயரடைகளுக்குச் சட்ட விதிகளில் வரையறை கிடையாது. உணர்ச்சிக் கோளாறு மட்டும் இருந்தால், அதாவது மரத்தல், எரிச்சல், குறுகுறுப்பு மட்டும் என்றால், மிதத்தைத் தாண்டக் கூடாது என்ற ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தலைகீழாகப் படித்து, ‘தசை பலமும் குறைந்திருக்கிறது, ஆகவே மிதத்துக்கு மேலே கொடுத்தே ஆக வேண்டும்’ என்று சிலர் வாதாடினார்கள். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்று 2017-இல் மில்லர் வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது.

ஒரே டிஸ்கிலிருந்து கிளம்பும் ஒரே தொல்லையில் பாதி டிகிரியிலும் பாதி பெயரடையிலும் அளக்கப்படுகிறது. வழக்கை நடத்துகிறவர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் முதுகைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். பணம் கூடுவது பெரும்பாலும் கால்களில்தான்.

முதல் பரிசோதனை

2023-இல் ஓட்டுநரால் தொடர்ந்து அரை மணி நேரம் இருக்கையில் உட்கார முடியவில்லை. படையை விட்ட பிறகும் லாரிதான் பிழைப்பு. அந்த வேலையை விட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடுப்பின் ஐந்தாம் எலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடையே டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரிந்தது. மைத்துனரின் சிறிய சரக்குப் போக்குவரத்துக் கடையில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. வலி அதிகமான நாளில் வராமல் இருக்கலாம், நடுவில் தரையில் படுத்துக்கொள்ளலாம். மைத்துனர் எதுவும் சொல்வதில்லை.

2024 ஜனவரியில், சதவீதத்தை உயர்த்தக் கேட்கப்போகிறேன் என்ற முன்னறிவிப்புப் படிவத்தைக் கொடுத்தார். சின்னத் தாள்தான். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் கொடுத்துவிட்டால், பணம் கணக்கிடும் தேதி இந்தத் தாளின் தேதிக்குப் பின்னோக்கிப் போகும். ஆவணம் சேர்க்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டு ஆகஸ்டில் விண்ணப்பித்தார். அந்த எட்டு மாதமும் வீணாகவில்லை.

செப்டம்பரில் பரிசோதனை. இன்று இவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்பந்த நிறுவனங்களின் மருத்துவப் பணியாளர்களே செய்கிறார்கள். காரில் ஒரு மணி நேரம் வர வேண்டியிருந்ததால் ஓட்டுநர் காலையிலேயே இரண்டு வலி மாத்திரை போட்டிருந்தார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதற்கு “பரவாயில்லை” என்றார். “வலி திடீரென்று கூடும் நாட்கள் உண்டா?” என்ற கேள்விக்கு, “எப்போதும் வலிதான்” என்று பதில் சொன்னார். படிவத்தில் ‘வலி கூடும் நாட்கள் இல்லை’ என்று விழுந்தது. குனியச் சொன்னார்கள், குனிந்தார். கோணமானியை வைத்து அளந்தார்களா, கண்ணால் பார்த்து எழுதினார்களா என்று அவருக்கு நினைவில்லை. அசைவை அளக்கக் கோணமானி இன்றியமையாதது என்று விதித்தொகுப்பில் தனிப் பிரிவே இருக்கிறது. எழுதிய எண் 70. காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையில் வலது பக்கம் சுள்ளென்று இழுத்ததையும் குதிகால் அனிச்சை குறைந்ததையும் குறித்தவர், அதே படிவத்தின் அடுத்த பக்கத்தில் ‘நரம்பு வேர்க் கோளாறு: இல்லை’ என்று டிக் செய்திருந்தார். நரம்பு மின் சோதனை இயல்பாக இருந்ததுதான் காரணம்.

இந்தக் கடைசிக் காரணம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. டிஸ்க் அழுத்துவது நரம்பின் வேரை. உணர்ச்சி நரம்பின் செல்கள் அந்த இடத்துக்கு வெளியே நல்ல நிலையில் இருக்கும். அதனால் உணர்ச்சி மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு மின் சோதனை இயல்பாக வருவது அதிசயமே இல்லை. சதவீதம் கொடுக்க அந்தச் சோதனை கட்டாயம் என்று விதியிலும் இல்லை.

நவம்பரில் முடிவு வந்தது. முதுகு 10 சதவீதமாகத் தொடர்கிறது. கால்களுக்கு எதுவும் இல்லை.

திருப்பியனுப்பிய கடிதம்

2019 பிப்ரவரி 19 முதல் மூன்று மேல்முறையீட்டுப் பாதைகள் உள்ளன. புதிய ஆதாரத்தோடு துணைக் கோரிக்கை கொடுக்கலாம். அதே கோப்பை மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்க்கக் கேட்கலாம். வாஷிங்டனில் உள்ள வாரியத்துக்குப் போகலாம். எதுவானாலும் ஓராண்டுக்குள் செய்தால் தொடக்கத் தேதி கெடாது. கோப்பிலேயே தவறு பளிச்சென்று தெரியும்போது இரண்டாவது பாதை நல்லது. அங்கே புதிய ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது, தவறைச் சுட்டிக் காட்டலாம். ஓட்டுநர் எடுத்தது அந்தப் பாதையை.

ஓட்டுநருக்காகக் கடிதம் எழுதியவர் படைவீரர் அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. இதற்குக் கட்டணம் கிடையாது. முதல் முடிவு வருவதற்கு முன்னால் ஒரு கோரிக்கைக்காக யாரும், வழக்கறிஞரேயானாலும், கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அப்படியிருந்தும் ‘சதவீதத்தை ஏற்றித் தருகிறோம், ஏறிய தொகையில் பல மாதப் பங்கு எங்களுக்கு’ என்று அங்கீகாரம் இல்லாத கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன. அவர்களை அங்கே சுறாக்கள் என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

கடிதம் மூன்று புள்ளிகளை வைத்தது. ஒன்று, வலி கூடும் நாட்களைப் பற்றி விசாரித்த விதம். வலியாலும் களைப்பாலும் அசைவு மேலும் எத்தனை டிகிரி குறைகிறது என்று மருத்துவர் சொல்ல வேண்டும் என்பது 1995-இன் டிலூகா தீர்ப்பு. அப்படிப்பட்ட நாளில் நேரில் பார்க்காததால் சொல்ல முடியாது என்று கைவிரிக்கக் கூடாது. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது எதைச் செய்ய முடிவதில்லை என்று வீரரிடமே கேட்டு மதிப்பிட வேண்டும் என்பது 2017-இன் ஷார்ப் தீர்ப்பு. ‘எப்போதும் வலிதான்’ என்ற பதிலைக் கேட்டதும் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு, எடை தாங்கிய நிலை, தாங்காத நிலை, தானே அசைப்பது, பிறர் அசைப்பது ஆகிய நான்கையும் சோதிக்க வேண்டும் என்ற 2016-இன் கொரியா தீர்ப்பு. மூன்றாவது, படிவம் தன்னோடு தானே முரண்படுவது: கால் சோதனையில் கோளாறு, முடிவில் கோளாறு இல்லை.

இதில் எது வலுவானது? என் கணக்கில் மூன்றாவது. நீதிமன்றப் பெயர்களை அடுக்குவது கடிதத்துக்கு அழகு சேர்க்கும். ஆனால் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது எந்த மூத்த அதிகாரியாலும் தலையை வேறு பக்கம் திருப்ப முடியாது. 2025 தொடக்கத்தில் ஓட்டுநரின் கோப்பைப் பார்த்த மூத்த அதிகாரி, ஆதாரம் திரட்ட வீரருக்கு உதவும் வி.ஏ.வின் கடமையில் தவறு நேர்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு புதிய பரிசோதனைக்கு உத்தரவிட்டார்.

இடையில் மார்ச் மாதம் இன்கிராம் வழக்கின் தீர்ப்பு வந்தது. மருந்தின் விளைவைப் பற்றி எதுவும் பேசாத அட்டவணைப் பிரிவுகளில், மருந்து தரும் ஆறுதலைக் கழித்துவிட்டே இயலாமையை மதிப்பிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. முதுகெலும்புச் சூத்திரமும் மருந்தைப் பற்றிப் பேசாத ஒன்று. முதல் பரிசோதனை அன்று காலை ஓட்டுநர் போட்ட இரண்டு மாத்திரைகள் கோப்பில் எங்கும் பதிவாகவில்லை. பரிசோதனைக்குப் போகிறவர் தான் என்ன மருந்து, எப்போது போட்டேன், போடாவிட்டால் எப்படி இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பரிசோதனை

இந்த முறை மனைவியின் கடிதம் கோப்பில் இருந்தது. மருத்துவச் சொற்கள் எதுவும் இல்லாத ஒன்றரைப் பக்கம். மாதத்தில் ஒரு வாரம்போலக் கணவர் செருப்பு போடுவதற்குத் தானே குனிந்து மாட்டிவிட வேண்டியிருப்பது, கழிப்பறையில் உட்கார்ந்து எழ அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது, சமையலறை மேடையில் கையூன்றி நிற்கும்போது கை மேசை உயரத்துக்குக் கீழே போகாதது. கண்ணால் கண்டதைச் சொல்லப் பட்டம் தேவையில்லை. சாதாரண மனிதரின் சாட்சியத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் டிகிரியாக மாற்ற முடியும் என்பதுதான் அதன் பலம். ‘அவர் மிகவும் கஷ்டப்படுகிறார்’ என்று பத்து முறை எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

பரிசோதித்தவர் நிதானமானவர். குனிவு 55 டிகிரி. மூன்று முறை திரும்பத் திரும்பக் குனியச் சொன்ன பிறகு 50. வலி கூடும் நாட்களில், வீரரும் மனைவியும் சொல்வதை வைத்துப் பார்த்தால், ‘30 முதல் 35 டிகிரி வரை’ இருக்கும் என்று எழுதினார். வலது காலில் பாதத்தின் வெளிப்பக்கம் உணர்ச்சிக் குறைவு, குதிகால் அனிச்சை மந்தம், நுனிக்காலில் எழும்போது லேசான பலக்குறைவு, மிதமானது. இடது காலில் அவ்வப்போது குறுகுறுப்பு, லேசானது.

முடிவு: முதுகு 20, வலது கால் 20, இடது கால் 10.

இப்போது கூட்டல். வி.ஏ. நேராகக் கூட்டுவதில்லை. முழு ஆற்றலை 100 என்று வைத்து, ஒவ்வொரு குறைபாடும் மீதியிருப்பதிலிருந்து தன் பங்கை எடுக்கிறது. இரண்டு கால்களும் இணை உறுப்புகள் என்பதால் அவற்றை முதலில் சேர்க்க வேண்டும். 20 போனால் மீதி 80, அதில் 10 சதவீதம் 8, ஆக 28. இருபக்கமும் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு கால் நொண்டினால் இன்னொன்றில் ஊன்றலாம், இரண்டும் போனால் அதுவும் முடியாது என்ற எண்ணத்தில், அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 28-உடன் 2.8 சேர்ந்து 30.8, முழுமையாக்கினால் 31. மீதி 69-இல் முதுகின் 20 சதவீதம் 13.8. மொத்தம் 44.8, அதாவது 45. பத்தின் மடங்குக்கு மாற்றும்போது 5 மேலே போகும். 50 சதவீதம்.

அந்த 2.8 இல்லாவிட்டால் மொத்தம் 42-தான் வந்திருக்கும், 40-க்கு இறங்கியிருக்கும். 2025-ஆம் ஆண்டுப் பட்டியலின்படி, சார்ந்திருப்போர் இல்லாதவருக்கு 40 சதவீதத்தின் மாதத் தொகை 774.16 டாலர், 50 சதவீதத்துக்கு 1,102.04 டாலர். வரி கிடையாது, 30 சதவீதத்திலிருந்து மனைவி மக்களுக்குக் கூடுதலும் உண்டு. இடது காலின் ‘அவ்வப்போது குறுகுறுப்பு’ என்ற ஒரு வரி பணத்தில் என்ன செய்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரியே இல்லாமல் போயிருந்தால் வலது காலும் முதுகும் மட்டும் சேர்ந்து 36, அதாவது 40. 2012-இல் சொல்லாமல் விட்ட மரத்துப்போதலைப் போல இதையும் ஓட்டுநர் சொல்லாமல் விட்டுவிடப் பார்த்தார். மனைவிதான் நினைவுபடுத்தினார்.

30-க்கும் 35-க்கும் நடுவே

வலது காலுக்குக் கொடுத்த 20 எனக்கு நியாயமாகவே படுகிறது. தசை சூம்பவில்லை, நடக்க முடிகிறது. 40 கேட்டுச் சண்டை போடுவதில் பலம் இல்லை. முதுகின் கதை வேறு. மருத்துவர் ஒரு வரம்பைக் கொடுத்தார். முடிவெழுதிய அதிகாரி அதில் பெரிய எண்ணான 35-ஐ எடுத்துக்கொண்டு 20 சதவீதத்தில் நிறுத்தினார். சந்தேகம் வந்தால் அதை வீரர் பக்கம் தீர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. இரண்டு சதவீதங்களில் எது பொருந்தும் என்ற கேள்வி எழுந்து, நிலைமை மேலேயுள்ளதை நெருங்கினால் மேலேயுள்ளதையே கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ‘30 முதல் 35’ என்பதில் 30-ஐ ஏன் தள்ளினார் என்பதற்கு முடிவுக் கடிதத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. மாதத்தில் மூன்று வாரம் 50 டிகிரி குனிகிறவர் அவர். ஒரு வாரத்து நிலையை வைத்து முழுப் படத்தையும் 40 ஆக்குவதா என்று கேட்கும் அதிகாரிகள் உண்டு. வாரியத் தீர்ப்புகளும் இரண்டு பக்கமும் சாய்கின்றன. வலி இருக்கிறது என்பது மட்டும் அசைவுக் குறைவுக்குச் சமமாகாது, வலியால் உண்மையில் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார் என்பதே கணக்கு என்று 2011-இல் மிட்செல் தீர்ப்பும் எச்சரித்திருக்கிறது. ஆகவே அந்த ஒரு வாரம் எப்படிப்பட்டது என்பதில்தான் வழக்கு நிற்கும்.

முதுகு 40 ஆனால் என்ன ஆகும்? மீதி 60-இல் கால்களின் 31 சதவீதம் 18.6, மொத்தம் 58.6, முடிவு 60 சதவீதம், 1,395.93 டாலர். மாதம் 293.89 டாலர் வித்தியாசம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை செய்து பிழைக்க முடியாதவருக்கு, சதவீதம் 100 ஆகாவிட்டாலும் 100-க்குரிய தொகையைக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. 2025-இல் அது 3,831.30 டாலர். அதற்கான வழிகளில் ஒன்று, ஒரே குறைபாடு 60 சதவீதமாவது இருப்பது. ஒரே மூலத்திலிருந்து வந்த குறைபாடுகளை ஒன்றாகக் கருதலாம் என்று அதே விதி சொல்கிறது. முதுகும் இரண்டு கால்களும் ஒரே டிஸ்கிலிருந்து வந்தவை. சேர்ந்து 60 ஆனால் கதவு திறந்துவிடும். 50-இல் நின்றால், விதிவிலக்காகக் கருதும்படி வாஷிங்டனிலுள்ள இயக்குநருக்குக் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அது நீண்ட, மெல்லிய பாதை.

நானாக இருந்தால் வாரியத்துக்கு உடனே போகமாட்டேன். வாரியத்தின் வரிசை நீளமானது. வலி கூடிய ஒரு நாளில் ஓட்டுநர் தன் சொந்த மருத்துவரிடம் போய்க் கோணமானியால் அளந்து எழுதி வாங்க வேண்டும். மாத்திரை போடாமல், போடவில்லை என்று குறிப்பில் எழுதச் சொல்லி. அதோடு, அந்த வாரங்கள் எத்தனை, எந்தத் தேதிகள் என்ற நாட்குறிப்பு. இவை புதிய, பொருத்தமான ஆதாரம். துணைக் கோரிக்கைக்குப் போதும். மறுத்தால் வாரியம் அப்போதும் திறந்தே இருக்கும், 2024 ஜனவரித் தேதியும் கெடாது. எதிர்ப்பக்க ஆபத்தையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்: சதவீதத்தை மீண்டும் திறந்தால் குறைக்கவும் வாய்ப்பு உண்டு. குறைப்பதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து, பதில் ஆதாரம் தர 60 நாள் அவகாசம் தர வேண்டும். ஓட்டுநரின் கோப்பில் இப்போது இருக்கும் பதிவுகளை வைத்துப் பார்த்தால் அந்த ஆபத்து சிறியது.

வேலை செய்ய இயலாமைக்கான விண்ணப்பத்தையும் அதே உறையில் வைக்கலாம். அங்கே மைத்துனரின் கடைதான் முதல் கேள்வியாக வரும்: சம்பளம் வாங்குகிறாரே? குடும்பத் தொழில் போன்ற பாதுகாப்பான இடத்தில் செய்யும் வேலையை உண்மையான பிழைப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்று விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எத்தனை நாள் வரவில்லை, எத்தனை மணி நேரம் படுத்திருந்தார், அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் இப்படி விட்டிருப்பாரா என்ற மூன்று கேள்விக்கும் மைத்துனர் தன் கையெழுத்தோடு பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் நகலையும் இணைத்துவிட்டால் நல்லது.